கேட்டு வாங்கிய புகைக்குழாய்

எனக்கு எழுபத்தேழு வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனவர்கள். ஆறு பேரில் யார் எந்த வயிறு என்று வெளியாள் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும்படி நான் வளர்க்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்து வல்லத்திராக்கோட்டை போகிற பாதையில் எங்கள் பழைய இரும்புக் கடை இருந்தது. வீட்டுக்காரர் போனபின் தராசை நான் பிடித்தேன். யார் வாசலிலும் போய் ஒன்று கொடு என்று நின்றதில்லை. எடை போட்டு வாங்குவேன், எடை போட்டுக் கொடுப்பேன், அவ்வளவுதான் என் கணக்கு வழக்கு.

இதை முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஏனென்றால் நான் இப்போது எழுத்துக் கூட்டி எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல. யார் வாசலிலும் கூசாமல் போய் நிற்கிற ஒரு மனிதரைப் பற்றி.

என் கடைச் சுவருக்கு அந்தப்பக்கம் அவருடைய பட்டறை. மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் பெயர் பத்திரிகையில் அச்சடிக்கிற அளவுக்கு நல்ல பெயர்தான், ஆனால் அதைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. குட்டையான ஆள். முழங்கை இரண்டும் எப்போதும் மண்ணாக இருக்கும். வண்டிகளுக்கு அடியில் படுத்துப் படுத்து வந்த மண் அது. வண்டி முன்னால் காற்றை இழுக்கும், பின்னால் புகையை விடும் அல்லவா, அந்த விடுகிற வழியில் இருக்கிற இரும்பெல்லாம் அவர் இலாகா. எஞ்சினில் ஒட்டியிருக்கிற மேனிபோல்டு, அதிலிருந்து இறங்குகிற குழாய், சைலன்சர், கடைசி வால் குழாய். பிரேக் சரியில்லை என்று அவரிடம் சொன்னால், "அது வேற ஆளு" என்பார்.

அந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே பெயரில், ஒரே முகத்தோடு வருகிற வண்டிக்குள் வேறு வேறு எஞ்சின் இருக்கும். முதலில் வந்த வண்டியின் குழாய் பின்னால் வந்த வண்டிக்குச் சேராது. சம்பந்தமே இல்லாத வேன் குழாய் வந்து கச்சிதமாக உட்காரும். எது எதற்குச் சேரும் என்று படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. பார்த்துத்தான் ஆகவேண்டும். பார்க்க வேண்டுமானால் வண்டிக்காரனிடம் கேட்க வேண்டும். இதில் ஊறிப்போய், கேட்பது என்பது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

"கொஞ்சம் காமிங்க." இதுதான் அவருடைய மந்திரம். புது மாடலில் ஒரு வண்டி சாலையில் போனால் நடுவில் போய்க் கையைக் காட்டுவார். ஓட்டுகிறவர் ஏதோ ஆபத்து என்று நிறுத்துவார். இவர் குனிந்து, டார்ச்சை அடித்து, அடியில் பார்த்துவிட்டு, "நல்லது, போயிட்டு வாங்க" என்று வழி விடுவார். திட்டாத ஆள் இல்லை. ஒருமுறை போலீஸ் ஜீப்பையே நிறுத்திவிட்டார். ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மனைவி அழுதுகொண்டே ஓடினால், இவர் டீ குடித்துக்கொண்டு வருகிறார். உள்ளே இன்னும் இரண்டு ஜீப் நின்றதாம், அவற்றையும் பார்த்தாயிற்றாம்.

அந்த அம்மாளைக் கட்டிய கதையும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றிருக்கிறது. எல்லோரும் உள்ளே உட்கார்ந்து பஜ்ஜி தின்ன, மாப்பிள்ளையைக் காணவில்லை. பெண்ணே வெளியே வந்து பார்த்தால் வேனுக்கு அடியில் இரண்டு கால்.

"பொண்ணப் பாக்க வந்தீங்களா, வண்டியப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டையுந்தான். டார்ச்ச கொஞ்சம் இப்படிப் புடிங்க."

அவள் பிடித்தாள். இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறாள். இவருக்கு ஒரு முழம் மேலே நிற்பாள் அவள், பேச்சிலும் அப்படியே. "இந்த மனுசன நான் மொகத்தப் பாத்துக் கட்டல, ஒள்ளங்காலப் பாத்துக் கட்டினேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு துக்க வீட்டுக்கு நானும் அவரும் சேர்ந்து போனோம். நகரத்திலிருந்து இறுதி ஊர்தி வந்து நின்றது. புது மாதிரி வண்டி. நான் உள்ளே போய்ப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெளியே சலசலப்பு. மேஸ்திரி ஊர்திக்குப் பின்னால் குப்புற விழுந்து கிடக்கிறார் என்று ஓடுகிறார்கள். "பாவம், சின்ன வயசுலேருந்து பழக்கம் போல, தாங்க முடியல" என்று ஒருவர் அவர் முதுகைத் தடவிக் கொடுக்கிறார். இவர் தலையை வெளியே எடுத்து, "வால் குழாய் லாரிக் குழாய்ங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். தடவிக் கொடுத்தவருக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. நான் அன்று தனியாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தேன்.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது. காலையில் சுவருக்கு மேல் தலை தெரியும். "அக்கா, காப்பி இருக்கா?" மத்தியானம், "அக்கா, ஊறுகா இருக்கா?" கொடுப்பேன். கொடுப்பதில் எனக்குக் குறையில்லை. ஒரு கோடையில் என் போர் மோட்டார் எரிந்துபோயிற்று. பக்கத்து அரிசி ஆலையில் தண்ணீர் தாராளமாக இருந்தது. நான் கேட்கவில்லை. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தேன். மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பார்த்தால் ஆலையிலிருந்து ஒரு நீளக் குழாய் சுவரேறி வந்து என் தொட்டியில் தண்ணீர் விழுகிறது.

"யாரு கேட்டா ஒங்கள?" என்றேன்.

"நாந்தான் கேட்டேன்."

"என் பேரச் சொல்லியா?"

"ஒங்க பேரச் சொல்லாம? எனக்கா தண்ணி?"

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. காப்பியும் கிடையாது. அவர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் யாருக்கோ சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார்: "கேட்டா வாய் வலிக்காது. கேக்காட்டி கை வலிக்கும். இல்லன்னு சொன்னாகன்னா அது அவுக வார்த்த, அதுல நமக்கு என்ன கெட்டுச்சு?" நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

கடைசிப் பெண் என் தங்கை மகள். குளத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை. நல்ல இடம், நகை நட்டு என்று வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க வீட்டுல மாப்பிள்ள அழைப்புன்னா தொறந்த கார்லதான் வாரது வழக்கம். ஒங்க ஊர்ல அதெல்லாம் கெடைக்குமா?"

அந்தக் 'கெடைக்குமா' எனக்குச் சுருக்கென்றது. கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். எங்கே, யாரிடம் என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாள் போன பிறகுதான் பயம் பிடித்தது. என் வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஏதாவது குறைந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இவளுக்குக் குறைந்தால், தங்கச்சி பிள்ளைதானே என்று குறை வைத்துவிட்டாள் என்பார்கள். அந்தப் பேச்சு அவள் காதில் ஒருநாளும் விழக்கூடாது என்றுதான் அத்தனை வருஷமும் ஓடினேன்.

சுவருக்கு மேல் தலை தெரிந்தது. "தொறந்த கார்தானே, கேட்டுட்டாப் போச்சு" என்றார்.

மீமிசலில் அவருக்கு ஒரு வாடிக்கைக்காரர் இருந்தார். மளிகை மொத்த வியாபாரி, பாய் என்போம். பாயின் வாப்பா மலேயாவில் கடை வைத்திருந்தவர். வரும்போது கப்பலில் ஒரு காரைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டே பேர் உட்காருகிற, கூரை இல்லாத, தாழ்வான இங்கிலீஷ் கார். பந்தயத்துக்கு ஓட்டுகிற சாதி. பச்சை நிறம். கெண்டை மீன் மாதிரி முன்னும் பின்னும் வழித்துவிட்டிருக்கும். அதைப் பாய் மகளைப் போலத்தான் வைத்திருந்தார். ஆனால் கடல் காற்று இருக்கிறதே, அது இரும்பைத் தின்னும். மேனிபோல்டு விரிசல் விட்டு, கிளப்பினால் ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம். வருஷக்கணக்காகக் கார் நின்றுவிட்டது.

பாய் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் மூலமாக அதே பெயர் போட்ட காருக்கு ஒரு மேனிபோல்டு வரவழைத்தார். அது பின்னால் வந்த பெரிய எஞ்சினுக்கு உள்ளது. எஞ்சின் பக்கம் மூன்று வாயும் சரியாக உட்கார்ந்தது. கீழே இறங்குகிற வழியில் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு. இரண்டாவது போய் ஸ்டியரிங் கம்பியில் முட்டியது. மேஸ்திரி போய்க் கல்யாணத்துக்குக் காரைக் கேட்டபோது, ஓட வைத்தால் தருகிறேன் என்றார் பாய்.

"அறுத்து வெல்டு வச்சிரலாமே மேஸ்திரி" என்று பாய் கேட்டதற்கு, "வைக்கலாம். வெளக்கெண்ணெயப் போட்டு ஒட்டின மாதிரி இருக்கும். ஒரு மேடு ஏறினா விட்டுப் போவும்" என்றாராம். இந்தக் காரின் எஞ்சினுக்கு நம்மூரிலேயே ஒரு கூடப்பிறப்பு உண்டு என்று அவருக்குத் தெரியும். ஆதிகாலத்து பெட்ரோல் அம்பாசிடர். இரண்டும் ஒரே எஞ்சின் வம்சம், ஒன்று பந்தயத்துக்குப் போயிற்று, ஒன்று வாடகைக்குப் போயிற்று. ஆனால் அதற்குள் ஊரில் ஓடிய அம்பாசிடர் எல்லாம் டீசல். டீசலின் குழாய் சேராது. ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியாகப் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார். சென்னையில் ஒரு பழைய சாமான் வியாபாரி இருந்தார், அவரைத்தான் நம்பினார்.

இந்த இடத்தில்தான் என் பத்திரிகையைப் பாழ்பண்ணினார்.

மூலையில் மஞ்சள் தடவி, முதல் கட்டிலிருந்து எடுத்து, வெற்றிலை பாக்கோடு அவர் கையில் கொடுத்தேன். வாங்கி, விரலால் சுண்டிப் பார்த்து, "அட்ட நல்ல கனமா இருக்கே" என்றார். என் கண் முன்னாலேயே அதைக் கொண்டுபோய், பாய் காரிலிருந்து கழற்றி வந்திருந்த பழைய மேனிபோல்டின் வாயில் வைத்து, கட்டை விரலில் கிரீஸைத் தொட்டுத் தேய்த்தார். வாயின் விளிம்பும் போல்டு ஓட்டையும் கரிக்கோடாகப் பத்திரிகையின் முதுகில் பதிந்தது. கத்தரியை எடுத்து ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார்.

"கல்யாணப் பத்திரிகைய கத்தரிக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசனா?"

"பொகை கசியாம நடுவுல வைக்கிற பேக்கிங்குக்கு அச்சு வெட்ட இதவிட நல்ல அட்ட கெடைக்காதுக்கா. இன்னொண்ணு இருக்கா?"

அவ்வளவு திட்டியும் இன்னொன்றும் வாங்கிக்கொண்டுதான் போனார். அதிலும் கிரீஸ் தேய்த்து அச்சு எடுத்தார். இதை வெட்டவில்லை. மடித்து உறையில் போட்டு, இந்த அச்சுக்குச் சேருகிற மேனிபோல்டை அனுப்பட்டும் என்று சென்னை வியாபாரிக்குத் தபாலில் சேர்த்துவிட்டார். உறையில் தன் விலாசத்தைத் தவிர, கடிதம் என்று ஒரு வரி எழுதவில்லை. அச்சைப் பார்த்தால் வியாபாரிக்குப் புரியாதா என்று நினைப்பு. பத்து நாள் கழித்து அந்தக் கடைக்குப் போன் போட்டார். எடுத்த பையன், "பார்சல் போட்டாச்சு சார்" என்றான். நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பார்சல் வந்தது. அன்று சாயங்காலம்தான் மாப்பிள்ளை அழைப்பு. பாய் காரைக் குட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மண்டபத்துக்குப் பின்னால் இறக்கிவிட்டார். மேஸ்திரி மேனிபோல்டு உட்காருகிற இடத்தைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். பார்சலைப் பிரித்தோம். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு சுவர்க் கடிகாரம். அதன் மேல் 'மணமக்களுக்கு அன்பளிப்பு' என்று ஒட்டியிருந்தது.

மேஸ்திரி கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடியில் எங்காவது மூன்று வாய் இருக்குமா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் போன் போட்டார்.

"கெடிகாரம் வந்துச்சா மேஸ்திரி?" என்றது வியாபாரியின் குரல். "பத்திரிகை பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். இத்தன வருஷப் பழக்கத்துல ஒருதடவகூட நல்லது கெட்டதுக்குச் சொல்லலியேன்னு நெனைச்சிருந்தேன். ஒடம்பு முடியல, இல்லன்னா நேர்லயே வந்திருப்பேன்."

"பத்திரிகையோட பின்பக்கம் பாத்தீங்களாண்ணே?"

"கிரீஸா இருந்துச்சு. மெக்கானிக் வீட்டுப் பத்திரிகை கிரீஸ் இல்லாம வருமா?"

மேஸ்திரி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாய்க்கு அடக்க முடியாத சிரிப்பு. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி அம்மாள் பட்டுச் சேலை சரசரக்க வந்து முதல் கேள்வி, "கார் வந்திருச்சா?" என்றாள். "வந்திருச்சு" என்றேன். பொய் இல்லை. வந்துதான் இருந்தது.

அப்போதுதான் அந்த வெள்ளை அம்பாசிடர் உள்ளே நுழைந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓட்டி வந்தார். பெரிய மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சீட்டுக்கெல்லாம் வெள்ளைத் துணி உறை. கதவை மூடிவிட்டுத் தன் வேட்டி நுனியால் கதவுப் பிடியைத் துடைத்தார். மேஸ்திரி எங்கேயோ நின்றவர், வண்டி நுழையும்போதே காதைத் தூக்கியிருந்தார்.

"பெட்ரோல்" என்றார்.

நான் தடுப்பதற்குள் போய்விட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறேன். இவர் குனிந்து ஏதோ சொல்கிறார். மாமன் பானட்டைத் திறக்கிறார், பெருமையாக. மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஓட்டை போட்ட பத்திரிகையை எடுத்து எஞ்சின் பக்கமாக நீட்டுகிறார். அளவு பிடித்துப் பார்க்கிறார். முகம் மலர்கிறது. மறுபடி ஏதோ சொல்கிறார். மாமன் பானட்டை டமாரென்று மூடுகிறார். இவர் திரும்பி வருகிறார்.

"அச்சா சேருதுக்கா. வாய் மூணும், போல்டு ஓட்டையும். கேட்டேன். கைய ஒடிச்சிருவேன்னாரு."

"போச்சு. விடுங்க."

"இல்லக்கா. இப்ப நீங்க கேக்கணும்."

"நானா?"

"நான் கேட்டா மெக்கானிக் கேக்குறேன். நீங்க கேட்டா சம்பந்தி கேக்குறீங்க. அது வேற கனம்."

பெண் வீட்டுக்காரி, அதுவும் மாப்பிள்ளை அழைப்பு அன்று, மாப்பிள்ளை வீட்டு உறவிடம் போய், ஒன்று கொடுங்கள் என்று நிற்பதா? அதுவும் புகைக்குழாயையா? கழுத்தில் கத்தி வைத்தாலும் மாட்டேன் என்று சொன்னேன். பாய் மெதுவாக, "அக்கா, நான் வேணா பேசிப் பாக்கவா?" என்றார். வேண்டாம் என்றேன். வேறு யாராவது எனக்காகக் கேட்பது அதைவிடக் கேவலம்.

மணமகள் அறைக் கதவு திறந்திருந்தது. என் தங்கை மகள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்னம்மா, கார் வரலியா? வராட்டி என்ன, நடந்து வரச் சொல்லும்மா, அவரு நடப்பாரு" என்றாள். அவள் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அது தெரிந்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

கேட்பதென்றால் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த கேட்கிற வழி ஒன்றுதான், பெண் கேட்கிற வழி. தாம்பூலத் தட்டை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய், இரண்டு பழம். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊரார் அத்தனை பேரும் பார்க்க, அந்த மீசைக்காரர் முன்னால் போய் நீட்டினேன்.

அவர் பதறி எழுந்துவிட்டார். தட்டை நீட்டினால் உட்கார்ந்துகொண்டு வாங்க முடியாதே. "என்ன சம்பந்தியம்மா இது?"

"ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"ஒங்க வண்டியோட மேனிபோல்ட இன்னைக்கு ஒரு ராத்திரி எங்க வண்டிக்குத் தரணும்."

சொல்லி முடித்துவிட்டேன். வாய் வலிக்கவில்லை. காது மட்டும் சுட்டது. மாமன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார். மீசை நடுங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

"நாங்க வரதட்சணையே வேணாம்னு வந்தவுக" என்றார் மெதுவாக. "நீங்க மாப்பிள்ள வீட்டுலயே வாங்குறீங்களே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, தட்டையும் இறக்கவில்லை. கை வலித்தது.

"தட்ட வெறுங்கையோட திருப்பி அனுப்புற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார். "ஆனா ஒரு பேச்சு. என் வண்டியும் ஊர்வலத்துல வரும். நான் அதுல உக்காந்துதான் வருவேன். எப்படி வர வைக்கிறதுங்கிறது ஒங்க பாடு."

"வரும்" என்றேன். மறுபடியும் தெரியாமலேயே சொன்னேன்.

மேஸ்திரி ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். குளத்தூரிலிருந்து ஓடி வந்த எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. சாக்கைப் போட்டு, ஆவி பறக்க, விரலை உதறி உதறிக் கழற்றினார். மாமன் தலைமாட்டில் நின்று, "நட்ட கீழ போடாத, தட்டுல வையி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்பாசிடர் மேனிபோல்டில் நடுவில் கூடுதலாக ஒரு திறப்பு இருந்தது. அது பந்தயக் காருக்கு வேண்டாததாம். அதற்கு ஒரு தகடு வெட்டி மூடினார். ஓட்டை போட்ட என் பத்திரிகையை அச்சாக வைத்து பேக்கிங் வெட்டினார். பாய் டார்ச் பிடித்தார். நான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி அனுப்பிக்கொண்டே இருந்தேன். முதல் சுற்று முடிந்து, இரண்டாம் சுற்று முடிந்து, மூன்றாவது தடவை டம்ளர் போனபோது சம்பந்தி அம்மாள், "ஒங்க ஊர்ல காப்பிக்குத்தான் பேர் போல" என்று குத்தினாள். நான், "பாலு நம்ம வீட்டுது" என்றேன்.

பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரைச்சல் இல்லை. தொண்டைக்குள்ளேயே உருட்டுகிற சத்தம், பெரிய ஆள் மெல்லச் சிரிக்கிற மாதிரி. பாய் காருக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். "வாப்பா ஓட்டுறப்ப இப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார்.

ஊர்வலம் இப்படிப் போயிற்று. முன்னால் நாதசுவரம். அதற்குப் பின்னால் பச்சைக் கார், பாய் ஓட்ட, பக்கத்தில் மாலையோடு மாப்பிள்ளை. அதற்குப் பின்னால் எஞ்சின் ஓடாத வெள்ளை அம்பாசிடர், உள்ளே தாய்மாமன் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி. அதைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும், என் இரண்டு மருமகன்கள் உட்பட. ஒவ்வொரு முக்கிலும் மாமன் தலையை வெளியே நீட்டி, "மெல்லப் புடிங்கப்பா, பெயின்ட்டு" என்று சொன்னார். தெருவில் இருந்தவர்கள் எந்தக் காரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். சம்பந்தி அம்மாள் என் காதில், "எங்க தம்பிக்கு இந்த மாதிரி மரியாத எங்கயும் கெடச்சதில்ல" என்றாள். தள்ளுவதை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேஸ்திரி மட்டும் ஊர்வலத்தைப் பார்க்கவே இல்லை. பச்சைக் காருக்குப் பக்கத்தில், இடுப்பை மடக்கி, தலையைச் சக்கரத்தின் உயரத்துக்கு இறக்கி, குழாய் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே தெரு முழுக்க நண்டு மாதிரி நடந்தார். கோயில் வாசலில் எல்லோரும் சாமியைக் கும்பிட, அவர் குனிந்த வாக்கிலேயே கும்பிட்டார்.

மறுநாள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அம்பாசிடருக்கு உறுப்பைத் திரும்ப மாட்டினார். மாட்டினவர், "சைலன்சர்ல ஒரு கரகரப்பு இருக்குங்க, இருங்க பாத்துர்றேன்" என்று அதையும் பிரித்துப் போட்டுவிட்டார். தாய்மாமன் ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒரு நாள் ஆயிற்று. அந்த ஒரு நாளில் இரண்டு பேரும் சிநேகம். பிறகு பச்சைக் காருக்கென்று ஒரு பழைய பெட்ரோல் மேனிபோல்டு குளத்தூர்ப் பக்கமே எங்கோ கிடைத்தது. கேட்டு வாங்கியது தாய்மாமன்.

அப்புறம் சில வருஷத்தில் மேஸ்திரியின் மகளை நாமக்கல்லில் கட்டிக்கொடுத்தார்கள். அவரும் மனைவியும் அங்கேயே போய்விட்டார்கள். லாரி ஊர். படுத்துக் கிடக்க இடத்துக்குக் குறைவில்லை. கிளம்புகிற அன்று சுவருக்கு மேல் தலை தெரிந்தது. "அக்கா, காப்பி இருக்கா?" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு, "அன்னைக்குக் கேட்டீங்களே, என்னக்கா கொறஞ்சு போச்சு?" என்றார். டம்ளரைக் கழுவி வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். குறையவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு அன்றும் வாய் வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

எழுதினதை நானே திரும்பப் படித்தால் எனக்கு விளங்கவில்லை. என் எழுத்து அப்படி. அன்று பூ வைத்துக்கொண்டிருந்தவளின் மகள் லீவுக்கு வந்து உள்ளே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் எதற்கு என்பாள், சிரிப்பாள். சிரிக்கட்டும்.

"ஆத்தா, கொஞ்சம் இங்கிட்டு வா. அம்மாச்சிக்கு இத ஒருக்கா வாசிச்சுக் காமிக்கிறியா?"